சாம்பேசியும் நைஜரும்: லிவிங்ஸ்டன், க்ரௌதர் – ஓர் ஒப்பாய்வு

1864 ஜூன் 29 அன்று கான்டர்பரி பேராலயத்தில் சாமுவேல் அஜாயி க்ரௌதர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர் அவர். அடுத்த மாதமே ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் லண்டன் வந்து சேர்ந்தார். அவரை வரவேற்க இந்தமுறை பெருங்கூட்டம் திரளவில்லை. சாம்பேசி நதியில் ஆறு ஆண்டுகள் அவர் நடத்திய பயணத்தை அரசாங்கம் பாதியில் நிறுத்தித் திரும்ப அழைத்திருந்தது. செலவழித்த பணத்துக்கும் போன உயிர்களுக்கும் என்ன பலன் என்று பத்திரிகைகள் கேட்டன. அந்தக் கோடைகாலத்தில் யாராவது இருவரையும் எடைபோட்டிருந்தால், க்ரௌதர் வென்றவர், லிவிங்ஸ்டன் தோற்றவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த இருபத்தேழு ஆண்டுகளில் இது தலைகீழானது. லிவிங்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் மன்னர்களுக்கு நடுவே புதைக்கப்பட்டு, இங்கிலாந்து வீட்டுச் சுவர்களில் படமாகத் தொங்கினார். க்ரௌதரோ, தன் வயதில் பாதிகூட இல்லாத ஆங்கிலேய இளைஞர்கள் தன் பணியாளர்களை ஒவ்வொருவராக நீக்குவதைப் பார்த்துவிட்டு 1891 டிசம்பர் 31 அன்று லாகோஸில் இறந்தார். ஒருவர் ஏன் உயர்த்தப்பட்டார், மற்றவர் ஏன் ஒதுக்கப்பட்டார் என்று கேட்டுக்கொண்டுதான் இவர்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். லிவிங்ஸ்டனை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் புனிதரா, ஏகாதிபத்தியத்தின் முன்னோடியா என்று வாதாடுவது நூறாண்டுப் பழக்கம். அந்த வாதத்தில் ஆப்பிரிக்கர்கள் காட்சியில் நிற்கும் துணை மாந்தர்களாகவே இருந்துவிடுகிறார்கள். க்ரௌதரைப் பக்கத்தில் நிறுத்தினால் அது முடியாது.

இருவரும் சிறுவயதில் உழைப்புக்குள் தள்ளப்பட்டவர்கள். லிவிங்ஸ்டன் 1813-இல் ஸ்காட்லாந்தின் பிளான்டயரில் பிறந்தார். பத்து வயதில் பஞ்சாலைக்குப் போனார். காலை ஆறு மணி முதல் இரவு எட்டு வரை அறுந்த நூலை முடிச்சுப்போடும் வேலை. அதன்பிறகு இரவுப் பள்ளி. ஆலையில் நூற்கும் இயந்திரத்தின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் ஒரு வரி, இரண்டு வரி என்று படித்த பையன் அவர். க்ரௌதர் 1809-ஐ ஒட்டி யொரூபா நாட்டின் ஓஷோகுன் என்ற ஊரில் பிறந்தவர். அஜாயி என்பது வீட்டில் வைத்த பெயர். 1821-இல் ஊரைத் தாக்கிய கொள்ளைப்படை அவரையும் தாயையும் உடன்பிறந்தவர்களையும் கயிற்றில் பிணைத்துக் கொண்டுபோனது. அவர் பலமுறை கைமாறினார். ஒரு கட்டத்தில் அவருக்கு விலை ஒரு குதிரை. பிறகு ரம்மும் புகையிலையும். 1822 ஏப்ரலில் லாகோஸில் போர்த்துகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டார். அந்தக் கப்பலை ஏப்ரல் 7 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் மிர்மிடன் மடக்கிப் பிடித்தது. சிறுவன் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கிவிடப்பட்டான்.

ஆலைக் கூலியையும் அடிமைச் சங்கிலியையும் சமமாக வைக்கக் கூடாது. பிளான்டயர் பையன் மாலையில் தாயிடம் திரும்பினான். முதல் வாரக் கூலியில் லத்தீன் இலக்கணம் வாங்கினான். ஓஷோகுன் பையன் தாயைப் பிரிந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆனாலும் இரண்டு வாழ்க்கைக்கும் நடுவே ஓடும் ஒரு தொடர்பை மறக்க முடியாது. ஸ்காட்லாந்து ஆலைகள் நூற்ற பஞ்சு, அட்லாண்டிக்குக்கு அப்பால் அடிமைகள் விளைவித்தது. அஜாயியை ஏற்றிய கப்பல் போன்ற கப்பல்கள் இல்லாமல் அந்த ஆலைகள் ஓடியிருக்காது. லிவிங்ஸ்டனுக்கு இது பின்னாளில் தெரிந்திருந்தது. ஆப்பிரிக்க மண்ணிலேயே சுதந்திர மனிதர்கள் பருத்தி விளைவித்தால் அமெரிக்க அடிமைப் பண்ணைகள் வீழும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதன் வேர் அங்கே இருக்கிறது.

இந்த எண்ணம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1839-40-இல் தாமஸ் ஃபோவல் பக்ஸ்டன் என்ற அடிமை ஒழிப்புத் தலைவர் முன்வைத்த திட்டம் இது: கடலில் கப்பல்களை மடக்குவதால் மட்டும் அடிமை வணிகம் ஒழியாது, ஆறுகள் வழியே உள்நாட்டுக்குள் சென்று, மனிதரை விற்பதைவிட விளைபொருளை விற்பது லாபம் என்று காட்ட வேண்டும், சுவிசேஷமும் கலப்பையும் சேர்ந்து போக வேண்டும். 1840 ஜூனில் லண்டன் எக்ஸிடர் மண்டபத்தில் இதற்காக நடந்த பெருங்கூட்டத்தில், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த லிவிங்ஸ்டனும் இருந்தார். அதன் விளைவாக 1841-இல் நைஜர் நதியில் மூன்று நீராவிக் கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கம் அனுப்பிய இருவரில் ஒருவர் க்ரௌதர். ஆக, ஒருவர் நம்பிக்கையைக் கேட்ட மண்டபத்தில் இருந்தார். மற்றவர் அந்த நம்பிக்கை முதன்முதலில் சோதிக்கப்பட்ட கப்பலில் இருந்தார்.

அந்தச் சோதனை கொடியது. ஏறத்தாழ 145 ஐரோப்பியர்களில் 130 பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லோகோஜாவில் தொடங்கிய மாதிரிப் பண்ணை கைவிடப்பட்டது. இங்கிலாந்து நைஜரை மறக்க விரும்பியது. க்ரௌதர் வேறொரு பாடம் படித்தார்: ஐரோப்பியரை நம்பி இந்த வேலை நடக்காது, சியரா லியோனில் விடுதலை பெற்று வாழும் ஆப்பிரிக்கர்களே தங்கள் ஊர்களுக்குத் திரும்பி இதைச் செய்ய வேண்டும், மொழி தெரிந்தவர்களே பேச வேண்டும். அவருடைய மீதி வாழ்க்கை முழுவதும் இந்தப் பாடத்தின் செயல்வடிவம். 1854-இல் மருத்துவர் வில்லியம் பைக்கியோடு பிளீயட் கப்பலில் மறுபடி நைஜர் ஏறியபோது, தினமும் குவினைன் கொடுத்ததால் ஒருவர்கூடச் சாகாமல் திரும்பினார்கள். 1857-இல் மூன்றாம் பயணத்தில் ஓனிட்சாவில் ஆப்பிரிக்க ஊழியர்களை மட்டுமே கொண்ட நைஜர் மிஷன் தொடங்கியது.

லிவிங்ஸ்டன் 1841 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் குருமனை அடைந்தார். வழக்கமான மிஷனரி வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. பதினொரு ஆண்டு நிலைய வாழ்க்கையில் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற பெயர் சொல்லத்தக்க ஒருவர், பக்வேனா மக்களின் தலைவர் செச்சேலே. 1848-இல் ஞானஸ்நானம் பெற, செச்சேலே தன் மனைவியரில் ஒருவரைத் தவிர மற்றவர்களை விலக்கினார். சில மாதங்களில் விலக்கப்பட்ட மனைவி ஒருத்தி கருவுற்றாள். லிவிங்ஸ்டன் அவரை நற்கருணையிலிருந்து நீக்கிவிட்டு, தன் ஊழியம் தோற்றதாக எண்ணிக்கொண்டு வடக்கே பயணங்களில் இறங்கினார்.

அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். செச்சேலே விட்டுவிடவில்லை. லிவிங்ஸ்டன் போன பிறகும் பல பத்தாண்டுகள் தன் மக்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார், ஜெபக்கூட்டம் நடத்தினார், பைபிளை விளக்கினார். தன்னிடமிருந்த ஒரு க்ரௌதரை லிவிங்ஸ்டன் அடையாளம் காணவே இல்லை. விதியை மீறியவன் என்ற ஒற்றைக் கண்ணாடியில் பார்த்தார். பலதார மணத்தில் க்ரௌதரும் இம்மியளவும் இளகியவர் அல்லர். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் ஒரு மனிதன் தவறியதால் மக்களே இந்தப் பணிக்குத் தகுதியற்றவர்கள் என்ற முடிவுக்கு க்ரௌதர் ஒருபோதும் போகவில்லை.

பயணி லிவிங்ஸ்டன் வேறு ஆள். 1853 முதல் 1856 வரை லின்யாந்தியிலிருந்து மேற்கே லுவாண்டா, அங்கிருந்து திரும்பிக் கிழக்கே கெலிமானே என்று கண்டத்தைக் குறுக்காகக் கடந்தார். வழியில் 1855 நவம்பரில், உள்ளூரார் மோசி-ஓவா-துன்யா என்றழைத்த அருவிக்குத் தன் அரசியின் பெயரை வைத்தார். அந்தப் பயணம் அவருடைய உறுதியால் மட்டும் நடந்ததல்ல. மகொலோலோ மன்னர் செகெலேட்டு ஆட்களையும் தந்தங்களையும் மாடுகளையும் கொடுத்து அனுப்பினார். கடற்கரைக்கு ஒரு வணிகப் பாதை கிடைக்குமா என்று பார்ப்பது மன்னரின் நோக்கம். ஒருவகையில் இது ஓர் ஆப்பிரிக்க அரசின் வணிகப் பயணம். 1857-இல் வெளிவந்த லிவிங்ஸ்டனின் நூல் பல்லாயிரம் பிரதிகள் விற்றது. அதைப் படித்த வாசகர்களின் மனதில் பதிந்தது தனிமனிதன் ஒருவனின் வீரம்.

சாம்பேசியை நீராவிக் கப்பல் போகக்கூடிய நெடுஞ்சாலை என்று அவர் அரசுக்குச் சொன்னார். 1856-இல் கபோரா பாசாப் பகுதியில் ஆற்றை விட்டு விலகிக் குறுக்குவழியில் நடந்திருந்ததால் அங்கிருந்த பாறை வீழ்ச்சிகளை அவர் பார்த்திருக்கவில்லை. 1858-இல் கப்பலோடு போய் நின்றபோதுதான் ஆறு அடைபட்டிருப்பது தெரிந்தது. பார்க்காத ஒன்றை உறுதியாகச் சொன்னதற்கான விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள். அவர் சொல்லை நம்பி லின்யாந்திக்குப் போன லண்டன் மிஷன் குடும்பங்களில் பெரியவர்களும் குழந்தைகளும் 1860-இல் காய்ச்சலில் இறந்தார்கள். பல்கலைக்கழக மிஷனின் பேராயர் மெக்கென்ஸி 1862 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஷுபாங்காவில் லிவிங்ஸ்டன் தன் மனைவி மேரியையும் புதைத்தார். உடன் வந்த வெள்ளையரோடு ஓயாத சண்டை. ஓவியர் தாமஸ் பெய்ன்ஸைத் திருட்டுப் பழி சுமத்தி வெளியேற்றினார். 1973-இல் டிம் ஜீல் எழுதிய வாழ்க்கை வரலாறு இந்தப் பக்கங்களையெல்லாம் திறந்து வைத்தது. அதற்குப் பின் பழைய புனிதர் வரலாற்றுக்கு யாரும் முழுதாகத் திரும்ப முடியவில்லை.

இதே ஆண்டுகளில் க்ரௌதர் என்ன செய்துகொண்டிருந்தார்? 1846-இல் அபேயோகுட்டாவில் ஊழியம் தொடங்கிய மூன்றே வாரங்களில் தாயைக் கண்டுபிடித்தார். இருவரும் பேச்சின்றி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றதாக அவர் எழுதியிருக்கிறார். தாய் பின்னர் மகனிடமே ஞானஸ்நானம் பெற்றார். க்ரௌதர் யொரூபா மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதினார். பைபிளைப் பகுதி பகுதியாக மொழிபெயர்ப்பதை முன்நின்று நடத்தினார். ஊருக்கு ஊர் பேச்சு மாறும் அந்த மொழிக்கு ஒரு பொது எழுத்து வழக்கு அந்தப் பணியில் உருவானது. முதியவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சொற்களையும் பழமொழிகளையும் சேர்த்தார். அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதி ஒரு தீவிபத்தில் சாம்பலானது, அவர் மீண்டும் தொடங்கினார். இஸ்லாமிய அரசர்களின் அவையில் அவர் வாதத்துக்கு இறங்கியதில்லை. அவர்கள் கேட்கும் கேள்விக்கு, இரு மதத்துக்கும் பொதுவான இடத்திலிருந்து பைபிள் வசனத்தைக் கொண்டே பதில் சொல்வார். லிவிங்ஸ்டன் கடந்துபோன ஊர்கள் வரைபடத்தில் ஏறின. க்ரௌதர் தங்கிய ஊர்களில் பள்ளிக்கூடம், அச்சிட்ட வாசகப் புத்தகம், உள்ளூர் உபதேசியார் என்று ஏதாவது ஒன்று நிலைத்தது.

க்ரௌதரையும் கறையில்லாதவர் என்று சொல்ல முடியாது. 1851-இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியையும் அமைச்சர் பால்மர்ஸ்டனையும் சந்தித்து, லாகோஸின் அடிமை வணிகத்தை ஒழிக்க பிரிட்டன் தலையிட வேண்டும் என்று வாதிட்டவர்களில் அவர் முக்கியமானவர். அந்த ஆண்டு இறுதியிலேயே பிரிட்டிஷ் பீரங்கிகள் லாகோஸைச் சுட்டெரித்தன. பத்து ஆண்டுகளில், 1861-இல், லாகோஸ் பிரிட்டிஷ் காலனியானது. தன்னைக் கப்பலில் ஏற்றிய அதே துறைமுகம் அது. தன்னை மீட்டதும் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல். அவர் பீரங்கியில் விடுதலையைப் பார்த்தது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனாலும் அந்த வாசல் வழியாக எது உள்ளே வரும் என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டார். தன் மக்களின் பழைய வழிபாடுகளைப் பற்றிய அவருடைய தீர்ப்பும் மிஷனரியின் தீர்ப்புதான். நைஜீரிய வரலாற்றாசிரியர்களுக்குள்ளேயே இதில் இரு போக்குகள் உண்டு. ஜே. எஃப். அடே அஜாயி 1965-இல் எழுதிய நூலில், மிஷன்கள் வழியாகப் புதிய நைஜீரியத் தலைமை ஒன்று உருவானதைக் காட்டினார். அடுத்த ஆண்டே ஈ. ஏ. அயண்டேலே, அதே மிஷன்கள் ஆட்சியாளருக்குப் பாதை வெட்டியதை அழுத்திச் சொன்னார். இரண்டுமே உண்மை, க்ரௌதரின் வாழ்க்கையில் அவை பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

லிவிங்ஸ்டனின் கடைசிப் பயணத்துக்கு வருவோம், ஏனென்றால் அவர் பெயர் நிலைத்தது அதனால்தான். 1864-இல் தன் சிறிய நீராவிப் படகை விற்பதற்காக சான்சிபாரிலிருந்து பம்பாய்வரை அவரே கடலில் ஓட்டிச்சென்றார். 1866-இல் புறப்பட்ட இறுதிப் பயணத்தில் பம்பாய் சிப்பாய்களும், நாசிக்கில் சி.எம்.எஸ். நடத்திய ஆப்பிரிக்க விடுதியில் வளர்ந்த இளைஞர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு இந்தியாவில் படித்தவர்கள். லிவிங்ஸ்டன் நைல் நதியின் ஊற்றைத் தேடி ஏழு ஆண்டுகள் அலைந்தார். உணவும் மருந்தும் தீர்ந்தபோது அவரைக் காப்பாற்றியவர்கள், அவர் வெறுத்த அடிமை வணிகர்களே. திப்பு திப் போன்றவர்களின் பாதையில், அவர்களின் தயவில் நடந்தார்.

1871 ஜூலை 15 அன்று லுவாலாபா ஆற்றங்கரையில் நியாங்வே சந்தையில், பெரும்பாலும் பெண்கள் கூடியிருந்த கூட்டத்தின்மீது வணிகர்களின் ஆட்கள் சுட்டார்கள். முந்நூறு, நானூறு பேர் மாண்டிருக்கலாம். தாள் தீர்ந்துபோய், பழைய செய்தித்தாளின்மீது காய்ச் சாற்றில் அதைக் குறித்து வைத்தார் லிவிங்ஸ்டன். அந்தச் சாட்சியத்தை, அவரைத் தேடிவந்த செய்தியாளர் ஸ்டான்லி வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். 1873 ஜூனில் சான்சிபார் சுல்தான் அடிமைச் சந்தையை மூடும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதற்குப் பின்னாலிருந்த அழுத்தத்தில் அந்தப் பக்கங்களுக்கும் பங்கு உண்டு. மங்கிப்போன அந்த மூலக் குறிப்பை 2011-இல் நிறமாலைப் படமெடுப்பு மூலம் வாசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: தன்னோடு இருந்த ஆட்களின் வன்முறை பற்றிய சங்கடமான குறிப்புகளைப் பின்னர் எழுதிய பிரதியில் அவர் தணித்திருந்தார். அவர் இறந்த பிறகு ஹொரேஸ் வாலர் பதிப்பித்த நாட்குறிப்பு மேலும் மெருகேறியது. இருந்தும், செய்தித்தாளில் காய்ச் சாற்றில் எழுதியதற்காகவே நான் லிவிங்ஸ்டனை முழுதாகக் கைவிட மாட்டேன். பார்த்ததை எழுதியாக வேண்டும் என்ற வெறி அவரிடம் இருந்தது, அது உயிர்களைக் காத்தது.

1873 மே முதல் நாளை ஒட்டி இன்றைய சாம்பியாவில் சித்தாம்போவின் ஊரில் அவர் இறந்தார். உடன் வந்த ஆப்பிரிக்கப் பணியாளர்களான சூசி, சூமா, நாசிக்கில் படித்த ஜேக்கப் வெய்ன்ரைட் முதலானோர் அவருடைய இதயத்தை மரத்தடியில் புதைத்தார்கள். வெய்ன்ரைட் அடக்க ஆராதனையை வாசித்து, மரத்தில் பெயரும் தேதியும் செதுக்கினார். உடலை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி, ஆயிரம் மைலுக்கு மேல் கடற்கரைக்குச் சுமந்து சென்றார்கள். வழியில் எதிர்ப்பட்ட ஆங்கில அதிகாரி அங்கேயே புதைக்கச் சொன்னபோது அவர்கள் மறுத்தார்கள். அப்படியொரு முடிவை எடுத்து, ஒன்பது மாதம் ஒரு கூட்டத்தை வழிநடத்தி நிறைவேற்றும் ஆற்றல் உள்ளவர்கள் லிவிங்ஸ்டன் உயிரோடிருந்தபோதும் அவரைச் சுற்றி இருந்தார்கள். தலைமை மட்டும் அவர்கள் கைக்கு வரவே இல்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் அடக்கம் நடந்த 1874-க்குப் பிறகு லிவிங்ஸ்டன் ஒரு கொடியாக மாறினார். அதே காலத்தில் க்ரௌதரின் காலடி மண் சரியத் தொடங்கியது. சுயமாக ஆளும், சுயமாகச் செலவைத் தாங்கும், சுயமாகப் பரவும் சபைகளே இலக்கு என்று கூறி அவரைப் பேராயராக்கிய சி.எம்.எஸ். செயலர் ஹென்றி வென் 1873-இல் இறந்திருந்தார். நைஜர் வணிகம் கோல்டி என்ற பிரிட்டிஷ் வணிகரின் கம்பெனிக் கைக்குள் போனது. 1886-இல் அதற்கு அரச சாசனமே கிடைத்தது. ஆப்பிரிக்கத் தரகர்களை வணிகத்திலிருந்து ஒதுக்கிய அதே மனப்போக்கு மிஷனுக்குள்ளும் நுழைந்தது. 1890-இல் ஓனிட்சாவில் கூடிய நிதிக்குழுவில், இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த கிரஹாம் வில்மட் புரூக், ஜே. ஏ. ராபின்சன் போன்றவர்கள், பேராயரின் மகன் டாண்டிசன் உள்பட ஆப்பிரிக்க குருமாரைப் பதவியிலிருந்து நிறுத்தினார்கள். எண்பதைத் தாண்டிய க்ரௌதர் அந்தக் குழுவிலிருந்து விலகினார்.

குற்றச்சாட்டுகளில் சில உண்மையே. பரந்த மறைமாவட்டத்தைச் சுற்றிவர அவரிடம் போதிய வசதி இல்லை. தவறியவர்களிடம் அவர் இளகிய மனத்தோடு நடந்தார். பணியாளர்கள் சம்பந்தப்பட்ட ஒரு கொலை வழக்கும் மிஷனுக்கு அவமானம் தந்திருந்தது. ஆனால் சாம்பேசியில் போன உயிர்களையும் பணத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிவிங்ஸ்டனின் தவறுகள் ஒரு தனிமனிதனின் தவறுகளாக மன்னிக்கப்பட்டு, தியாகமாகப் பெயர்மாற்றம் பெற்றன. க்ரௌதரின் தவறுகள் ஓர் இனத்தின் தகுதியின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அவருக்குப் பின் நைஜருக்கு ஆங்கிலேயரே பேராயரானார்; ஓர் ஆப்பிரிக்கர் மறைமாவட்டத்தின் முழுப் பொறுப்புக்கு மறுபடி வர இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆனது. இதே சி.எம்.எஸ். வேலை செய்த திருநெல்வேலியில், வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த வி. எஸ். அசரியா முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக வர 1912 வரை காத்திருக்க நேர்ந்ததையும் நாம் இந்த வரிசையில்தான் படிக்க வேண்டும்.

2014 ஜூன் 29 அன்று, அபிஷேகத்தின் 150-ஆம் ஆண்டில், கான்டர்பரித் தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி க்ரௌதருக்கு இழைத்த அநீதிக்கு வெளிப்படையாக வருந்தினார். லிவிங்ஸ்டனுக்குத் தாமதமான வருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது குறைப்பு, அதையும் ஆய்வாளர்கள் செய்துவிட்டார்கள். மலாவி தன் பெரிய வணிக நகரத்துக்கு இன்றும் பிளான்டயர் என்ற பெயரையே வைத்திருக்கிறது. சாம்பியா லிவிங்ஸ்டன் என்ற ஊர்ப்பெயரை மாற்றவில்லை. காலனிய காலப் பெயர்கள் பலவற்றை மாற்றிய இந்நாடுகள் இவற்றை விட்டுவைத்ததற்கு, அடிமை வணிகத்துக்கு எதிராக அவர் எழுப்பிய குரலும், அவர் பெயரால் பின்னர் வந்த ஸ்காட்லாந்து மிஷன் பள்ளிகளும் காரணம் என்று நினைக்கிறேன்.

க்ரௌதரின் மரபு வேறு வகையில் நகர்ந்தது. அவமதிப்புக்குப் பின் 1892-இல் நைஜர் டெல்டாச் சபைகள் டாண்டிசன் தலைமையில் சி.எம்.எஸ். பணத்தை விட்டு விலகி, தங்கள் செலவைத் தாங்களே ஏற்று நின்றன. வென் எழுதிவைத்த கொள்கையை, வென்னின் சங்கத்தை மீறித்தான் நிறைவேற்ற முடிந்தது. க்ரௌதரின் மகள் அபிகேலின் மகன் ஹெர்பர்ட் மெக்காலே, தாத்தா பேராயரான அதே 1864-இல் பிறந்தார். நில அளவையாளராகப் படித்த அவர் லாகோஸில் குடிநீர் வரிக்கு எதிராக மக்களைத் திரட்டினார். அரசு எடுத்துக்கொண்ட நிலத்துக்காகத் தலைவர் ஒலுவாவுடன் 1920-இல் லண்டனுக்குப் போனார். பிரிவி கவுன்சில் 1921-இல் ஒலுவாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தாத்தா லண்டனில் வேண்டி அழைத்துவந்த ஆட்சியை, பேரன் அதே லண்டனில் வழக்காடித் தோற்கடித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் தொடங்கிய நைஜீரிய தேசிய ஜனநாயகக் கட்சிதான் அந்நாட்டின் முதல் அரசியல் கட்சி.